புதுப்பிப்பு: 80 விழுக்காட்டு வரம்புடன் எட்டு மாதங்கள்

நாள் முழுவதும் மின் இணைப்பிலேயே இருக்கும் என் மடிக்கணினியின் பேட்டரி இரண்டே ஆண்டுகளில் தளர்ந்ததையும், 12 விழுக்காடு காட்டும்போதே கணினி அணைந்துவிடுவதையும் முன்பு இங்கே எழுதியிருந்தேன். சார்ஜை 80 விழுக்காட்டில் நிறுத்தும்படி நண்பர்கள் கூறினார்கள். கணினியைத் தொடக்கிவைக்கும் அடிப்படை மென்பொருளான பயாஸின் அமைப்பிலேயே அதற்கான தெரிவு இருந்தது.

விண்டோஸ் தரும் பேட்டரி அறிக்கையின்படி, 50 வாட் மணி கொள்ளளவு கொண்ட பேட்டரி, வரம்பை வைத்த அன்று 41 வாட் மணியாகக் குறைந்திருந்தது. இன்று ஏறத்தாழ 40. முதல் இரண்டு ஆண்டுகளின் வீழ்ச்சியோடு ஒப்பிட்டால் இது எனக்குப் பெரிய ஆறுதல். லித்தியம் அயனி மின்கலம் முழுச் சார்ஜில் 4.2 வோல்ட் அளவை நெருங்கி அங்கேயே நிற்கும்போது, உள்ளே அயனிகளைக் கடத்தும் மின்பகுபொருள் சிதைந்து, பயன்படக்கூடிய லித்தியத்தின் ஒரு பகுதி மீளமுடியாமல் சிக்கிக்கொள்கிறது என்பதும், வெப்பம் இதை விரைவுபடுத்துகிறது என்பதும்தான் அந்த வீழ்ச்சிக்குக் காரணம். ஆகவே, மெத்தையின் மேல் வைத்துக் காற்றோட்டத்தை அடைக்கும் பழக்கத்தையும் கைவிட்டேன். கோடையில் இதுவே வரம்பைவிட முக்கியம் என்று கருதுகிறேன்.

திடீரென அணைந்ததற்குக் காரணம் வேறு: மீதமுள்ள சார்ஜைக் காட்டும் அளவுகாட்டியின் கணக்கு பிழைபட்டிருந்தது. வரம்பை நீக்கி, ஒருமுறை முழுமையாக ஏற்றி, தானே அணையும்வரை ஓடவிட்டு, மீண்டும் முழுமையாக ஏற்றியபின் அது சரியாயிற்று. இழந்த கொள்ளளவு இதனால் திரும்பவில்லை. காட்டும் எண் மட்டுமே திருந்தியது.