மறு: கிரீப்பிபாஸ்டா – ‘இணையப் பேய்க்கதை’ போதாது

அனுப்புவது: நாகர்கோவில்

எல்லோருக்கும் வணக்கம்.

‘ஸ்லெண்டர் மேன்’ என்ற ஆங்கிலத் திகில் படத்தைப் பற்றி ஒரு சிற்றிதழுக்கு எழுதிய கட்டுரை முடிந்துவிட்டது. ஒரு சொல்தான் இன்னும் இடிக்கிறது. இணையத்தில் கைமாறிப் பரவும் திகில் கதையைக் குறிக்கும் ‘கிரீப்பிபாஸ்டா’வுக்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று இந்தக் குழுவில் கேட்டதற்கு இதுவரை வந்த பரிந்துரைகள்: இணையப் பேய்க்கதை, இணையத் தொன்மம், வலைவதந்தி, வலைவாதை. ‘திகில் சேமியா’ என்று எழுதிய தம்பியைக் கணக்கில் சேர்க்கவில்லை.

ஒரே பத்தியை நகலெடுத்து இடம் இடமாக ஒட்டிக்கொண்டே போவதை இணையத்தில் ‘காப்பிபாஸ்டா’ என்றார்கள். காப்பி பேஸ்ட் திரிந்து வந்த சொல் அது. இத்தாலியச் சாப்பாட்டுக்கும் அதற்கும் உறவில்லை. அப்படி ஒட்டப்படுவது பயமுறுத்தும் கதையானால் கிரீப்பிபாஸ்டா. ஆக, சொல்லின் உயிர் ஒட்டுவதில் இருக்கிறது, பேயில் இல்லை. நம் பரிந்துரைகள் எல்லாமே பேயைப் பிடித்துக்கொண்டு ஒட்டுவதை விட்டுவிட்டன. அந்தப் படம் செய்த தப்பும் இதேதான் என்பது என் எண்ணம்.

படம் பார்க்காதவர்களுக்காக: 2009 ஜூனில் ‘சம்திங் ஆஃபுல்’ என்ற இணையதளத்தில், சாதாரணப் புகைப்படங்களை அமானுஷ்யமாக மாற்றிக் காட்டும் ஒரு விளையாட்டு நடந்தது. எரிக் நுட்சென் என்பவர் ‘விக்டர் சர்ஜ்’ என்ற புனைபெயரில் இரண்டு கறுப்பு வெள்ளைப் புகைப்படங்களைப் போட்டார். முன்னால் பிள்ளைகள், பின்னால் கோட்டு சூட்டு போட்ட, முகமே இல்லாத நெட்டை உருவம். கீழே சில வரிகள், படம் எடுத்தவரைக் காணவில்லை என்பதுபோல. அவ்வளவுதான். மிச்சத்தை ஊரே எழுதியது. அதே மாதமே ‘மார்பிள் ஹார்னெட்ஸ்’ என்ற காணொளித் தொடர் யூட்யூபில் தொடங்கியது. 2012ல் ஒரு கணினி விளையாட்டு வந்தது: டார்ச்சை அடித்துக்கொண்டு இருட்டுக் காட்டில் எட்டுக் காகிதங்களைத் தேட வேண்டும், வேறொன்றும் இல்லை. வியர்த்துவிடும்.

2018 ஆகஸ்டில் வந்த படமோ இந்தக் கூட்டுவேலையைத் தொடவே இல்லை. இயக்கம் சில்வேன் வைட். நான்கு பள்ளித் தோழிகள் ஒரு காணொளியைப் பார்த்து அந்த உருவத்தை அழைக்கிறார்கள், ஒருத்தி காணாமல் போகிறாள், மற்றவர்களை அது துரத்துகிறது. இதில் அந்த உருவத்தை எடுத்துவிட்டு எந்தப் பேயை நிறுத்தினாலும் கதை அப்படியே ஓடும். படம் முழுக்க இருட்டு வேறு. யார் எங்கே நிற்கிறார்கள் என்றே தெரியவில்லை. முன்னோட்டத்தில் காட்டிய சில காட்சிகள் படத்திலேயே இல்லை. கதை எப்படிக் கைமாறிக் கைமாறி வளர்ந்தது என்பதுதான் இதில் பயங்கரமான பகுதி. அதைச் சொல்ல ஒரு காட்சிகூட இல்லை.

நாட்டார் கதைகளில் வரும் பேய்ப்பெண், நம்மூர் நீலியை எடுத்துக்கொள்ளுங்கள். தொண்டைநாட்டுக்காரர்களுக்கு அவள் பழையனூர் நீலி. நமக்குக் கள்ளியங்காட்டு நீலி. இன்னும் சிலர் பஞ்சவன்காடு என்பார்கள். கேரளப் பக்கம் போனால் கடமற்றத்துக் கத்தனார் என்ற மந்திரவாதப் பாதிரியார் வந்து அவளை அடக்குகிறார். முப்பந்தலில் அவளே இசக்கியம்மனாகிப் பொங்கல் வாங்குகிறாள். கள்ளிக் கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு செட்டியைத் துரத்தும் இடத்தை, கோயில் கொடை விழாவுக்கு வந்த கூட்டத்தைப் பார்த்து வில்லிசைப் புலவர் நீட்டுவார் அல்லது குறுக்குவார். எது மூலம் என்று யாரும் கேட்டதில்லை. அவரவர் ஊரைக் கதையில் ஒட்டிக்கொண்டார்கள்.

அதனால் என் பரிந்துரை: காப்பிபாஸ்டா = ஒட்டுரை. கிரீப்பிபாஸ்டா = திகிலொட்டு.

‘ஒட்டு’ என்பது கணினியில் ஏற்கெனவே பேஸ்டுக்குப் புழங்குகிறது. ஒட்டு மாங்கன்றில் வேர் ஒன்று, கிளை வேறொன்று. இந்தக் கதைகளும் அப்படித்தான். தொற்றுநோயை ‘ஒட்டுவாரொட்டி’ என்று பாட்டிமார் சொல்வதும் இதில் ஒளிந்திருக்கிறது. ஒரே சொல்லில் மூன்றும் கிடைக்கும்போது ஏன் விட வேண்டும்?

---

அனுப்புவது: தக்கலை

தம்பி, நன்றாக இருக்கிறது. ஆனால் இரண்டு சங்கடம்.

ஒன்று, ‘ஒட்டு’ கை தவறினால் ‘ஓட்டு’ ஆகிவிடும். தேர்தல் நேரத்தில் ‘திகிலோட்டு’ என்று அச்சானால் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

இரண்டாவது, தொன்மத்தை இவ்வளவு எளிதாகத் தள்ளியிருக்க வேண்டாம். 2014 மே மாதம் அமெரிக்காவின் விஸ்கான்சினில், வாக்கஷா என்ற ஊரில், 12 வயதுச் சிறுமிகள் இருவர் அந்த உருவத்தை நம்பி, தங்கள் தோழியைக் காட்டுக்குள் கூட்டிப் போய் 19 இடங்களில் கத்தியால் குத்தினார்கள். அந்தப் பிள்ளை பிழைத்துக்கொண்டது பெரிய விஷயம். படம் வந்தபோது அந்தப் பகுதியில் ஒரு திரையரங்குக் குழுமம் அதைத் திரையிடவே மறுத்தது. ஐந்தே வருடத்தில் இந்த அளவு நம்பிக்கை வந்த ஒன்றைத் தொன்மம் என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது?

---

அனுப்புவது: நாகர்கோவில்

> ஐந்தே வருடத்தில் இந்த அளவு நம்பிக்கை வந்த ஒன்றை

டீச்சர், அந்த ‘ஐந்தே வருடம்’தான் எனக்கும் பிரச்சினை. தொன்மம் என்றாலே தொன்மை உள்ளே உட்கார்ந்திருக்கிறது. இதற்குப் பிறந்த மாதம் தெரியும், பெற்றவர் பெயர் தெரியும். அது தெரிந்தே ஒரு கூட்டம் நம்பியது என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது; தொன்மம் என்று எழுதினால் அந்த விசித்திரம் மறைந்துவிடும். ஆனால் ஒரு பாதி ஒத்துக்கொள்கிறேன். தனிக் கதைக்குத் திகிலொட்டு. அப்படிப்பட்ட கதைகளும் நம்பிக்கைகளும் கேலிகளும் சேர்ந்த மொத்தத்துக்கு ‘இணைய வழக்காறு’. நாட்டார் வழக்காறு என்ற சொல் கல்லூரிகளில் ஏற்கெனவே வேரூன்றியிருப்பதால் இது புதிதாகவும் தோன்றாது.

வலைவதந்திக்கு ஒரு வரி போதும். வதந்தி உண்மை என்று சொல்லிக்கொண்டு வரும். இது பொய் என்று சொல்லிக்கொண்டே வந்தது.

வலைவாதையைக் கைவிட எனக்கும் மனசில்லை. வாதை என்றால் நமக்கு உடனே ஆவி, பிடித்துக்கொள்வது, கொடை எல்லாம் நினைவுக்கு வரும். ஆனால் திருச்சியிலோ கோவையிலோ படிப்பவர் வலையினால் வரும் துன்பம் என்றுதான் எடுத்துக்கொள்வார். நெட் மெதுவாக இருப்பதைச் சொல்கிறோம் என்று நினைத்துவிடுவார்.

ஓட்டு விஷயத்துக்கு ‘திகில்-ஒட்டு’ என்று கோடு போட்டு எழுதலாமா?

---

அனுப்புவது: மார்த்தாண்டம்

கோடு வேண்டாம். கோடு போட்ட சொல் எதுவும் நிலைத்ததாக எனக்கு ஞாபகமில்லை. திகிலொட்டு சரி.

படத்தின் பெயரையும் தமிழாக்க வேண்டும் என்றால் ‘நெடியோன்’ எப்படி? நெட்டையாகவும் இருக்கிறது, கம்பீரமாகவும் இருக்கிறது.

---

அனுப்புவது: நாகர்கோவில்

அண்ணாச்சி, நெடியோன் திருமாலுக்குரிய பெயர். முகமில்லாத கோட்டுக்காரனுக்கு அதைக் கொடுத்தால் திருவட்டாற்றில் நீண்டு படுத்திருக்கும் பெருமாள் எழுந்து வந்துவிடுவார். அது ஆள்பெயர், ‘ஸ்லெண்டர் மேன்’ என்றே விடுகிறேன். அடைப்பில் ‘ஒல்லி மனிதன்’ என்று ஒருமுறை விளக்கினால் போதும்.

கட்டுரையில் முதல் இடத்தில் மட்டும் ‘கிரீப்பிபாஸ்டா எனப்படும் திகிலொட்டு’ என்று போட்டுவிட்டு, அதன்பின் திகிலொட்டு, திகிலொட்டுகள் என்றே எழுதுகிறேன். மெய்ப்புப் பார்க்கிறவரிடம் ‘ஓ’ பற்றித் தனியாகச் சொல்லி வைக்கிறேன், டீச்சர்.

அப்புறம், இந்தக் கதைகளில் எது ‘கணக்கில் சேர்ந்தது’, எது சேராதது என்று சண்டை போடுவார்களே, அந்த ‘கேனன்’ என்ற சொல்லுக்கும் ஒன்று தேவைப்படுகிறது. ‘மூலக்கதை’ பொருந்தாது, மூலமே இல்லாத இடத்தில் அதை எப்படிச் சொல்ல? ‘ஏற்புக்கதை’ என்று ஒன்று மனசில் ஓடுகிறது. தனி இழையாகத் தொடங்குகிறேன், அங்கே வந்து சொல்லுங்கள்.