‘நாமக்கல் வீடு’ குழுவில் ஒரு சனிக்கிழமை

காலை 8:10

நான்: (படம்) அடுப்பில் ஏற்றியாகிவிட்டது. போன வாரம் சொதப்பிய அதே சோளமும் பீன்ஸும். இங்கே தென்னாப்பிரிக்காவில் இதற்கு உம்ங்குஷோ என்று பெயர்.

அப்பா: இது நம் கோழிக்குப் போடுகிற மக்காச்சோளம் அல்லவா, அம்மிணி?

நான்: அதேதான் அப்பா, ஆனால் வெள்ளைச் சோளம். மஞ்சள் இங்கேயும் பெரும்பாலும் தீவனத்துக்குத்தான். தோலை நீக்கி, ஒரு விதை இரண்டு மூன்றாக உடைகிற அளவுக்கு மட்டும் இடித்தது. ‘சாம்ப்’ என்று பொட்டலத்தில் விற்கிறார்கள்.

சித்தி: பெயர் வாயில் நுழையவே இல்லை கண்ணு.

நான்: நடுவில் ஒரு சத்தம் வரும் சித்தி. தாத்தா வண்டி மாட்டை ஓட்டும்போது நாக்கை மேலே ஒட்டி ‘டொக்’ என்று விடுவாரே, அது மாதிரி. இந்தப் பக்கத்தில் பேசுகிற கோசா மொழியில் இடிப்பது என்ற சொல்லிலிருந்துதான் இந்தப் பெயரே வந்ததாம்.

அம்மா: போன வாரம் ஏன் வேகவில்லை?

நான்: பீன்ஸை மட்டும் ஊறப் போட்டேன். சோளம் உடைத்ததுதானே, ரவை மாதிரி வெந்துவிடும் என்று அப்படியே கொட்டிவிட்டேன். மூன்று மணி நேரம் கழித்துப் பார்த்தால் பீன்ஸ் கூழ், சோளம் கல்.

அம்மா: குக்கரில் வைத்து ஆறு விசில் விட வேண்டியதுதானே?

நான்: மாமா திட்டுவார்.

சித்தி: எந்த மாமா??

நான்: பக்கத்து வீட்டு அம்மா 😄 இங்கே வயதில் மூத்த பெண்களை மரியாதையாக ‘மாமா’ என்றுதான் கூப்பிடுவார்கள். அம்மா என்று அர்த்தம்.

அண்ணன்: ஒரு நிமிடம் பயந்துவிட்டேன்.

நான்: அவர் உம்தாதா பக்கத்துக்காரர். மண்டேலா வளர்ந்த குனு கிராமம் அங்கேதான். மண்டேலாவுக்கு மிகவும் பிடித்த சாப்பாடு இதுதான் என்று இங்கே யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

அம்மா: அவருக்கும் குக்கர் இருந்திருந்தால் குக்கரில்தான் வைத்திருப்பார்கள்.

நான்: அம்மா!! குக்கரில் வேகாது என்று சொல்லவில்லை. சோளத்திலிருந்து மாவு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, அந்தத் தண்ணீரே பாலாடை மாதிரி திரள வேண்டும். மூடியைத் திறந்து பார்த்துப் பார்த்துத் தண்ணீர் விட்டால்தான் அது சரியாக வரும். ஊரில் விறகு அடுப்பில், மூன்று கால் இரும்புச் சட்டியில் வைத்துவிட்டு மற்ற வேலைகளைப் பார்ப்பார்களாம்.

அண்ணி: அளவு சொல்லு, எழுதி வைக்கிறேன்.

நான்: இரண்டு பங்கு சோளம், ஒரு பங்கு பீன்ஸ். ‘சுகர் பீன்ஸ்’ என்பார்கள், இனிப்பெல்லாம் இல்லை. வெளிர் தோலில் சிவப்புப் புள்ளியும் கோடும் இருக்கும், ராஜ்மாவுக்குத் தம்பி. இரண்டையும் சேர்த்து இரவு முழுக்க ஊற வைத்தேன். அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர், மூன்று விரல் மேலே நிற்கிற மாதிரி. முதல் பத்து நிமிடம் நன்றாகக் கொதிக்க விட வேண்டும் அண்ணி, ராஜ்மா வகைக்கு அது கட்டாயம், அரை வேக்காட்டில் தின்றால் வயிற்றைக் கெடுத்துவிடும். அப்புறம் சிறு தீ. வற்றினால் சுடுதண்ணீர்தான் விட வேண்டும். உப்பு கடைசியில்.

சித்தி: மசாலா?

நான்: கிடையாது. வெங்காயம், உருளைக்கிழங்கு, கொஞ்சம் வெண்ணெய். அவ்வளவுதான்.

சித்தி: ஐயோ பாவம்.

நான்: டர்பனில் இருந்தால் நீங்கள் பிழைத்திருப்பீர்கள் சித்தி. 1860இல் சென்னையிலிருந்து கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறி வந்தவர்களின் வம்சத்தினர் இதே பீன்ஸில் மசாலா போட்டுக் கறி வைக்கிறார்கள். நான் இருப்பது ஈஸ்ட் லண்டன்.

அண்ணன்: சித்தி ஊரெல்லாம் ‘லண்டன்’ என்று மட்டும்தான் சொல்லி வைத்திருக்கிறார்.

சித்தி: 🙈

காலை 9:35

அப்பா: இன்னும் எரிகிறதா? சிலிண்டர் என்னத்துக்கு ஆகும்?

நான்: இப்போதுதான் அணைத்தேன். சட்டியை மூடியோடு கம்பளியில் சுற்றி அட்டைப்பெட்டிக்குள் வைத்திருக்கிறேன். உள்ளே இருக்கிற சூட்டிலேயே வேகும். மின்வெட்டு நாட்களில் பழகிக்கொண்டார்களாம்.

அம்மா: அம்மாயிக்குப் படத்தைக் காட்டினேன். சோளச் சோறு மாதிரி இருக்கிறதாம். நம் சோளத்தையும் அப்படித்தான் தண்ணீர் தெளித்து உரலில் குத்தித் தவிட்டை நீக்குவார்களாம். ரெண்டு பேர் மாற்றி மாற்றி உலக்கை போட்டால்தான் ஆகும் என்கிறார். கூட மொச்சையோ தட்டைப்பயறோ இருந்தால் வேறு குழம்பே வேண்டாமாம்.

நான்: மாமாவும் அதையேதான் சொன்னார்! அவர் சின்ன வயதில் அம்மாவோடு ஆளுக்கு ஓர் உலக்கை பிடித்திருக்கிறார். அம்மாயியை நான் கேட்டதாகச் சொல்லுங்கள்.

மதியம் 12:50

நான்: (படம்) பெட்டியிலிருந்து எடுத்து, உருளையும் உப்பும் போட்டு மறுபடி முக்கால் மணி நேரம் வைத்தேன். கரண்டி சாயாமல் நிற்கிறது பாருங்கள். சோளம் மெத்தென்று இருக்கிறது, பீன்ஸும் உடையவில்லை.

அம்மா: மாமா என்ன சொன்னார்?

நான்: ஒன்றுமே சொல்லவில்லை. தட்டில் இரண்டாவது முறை போட்டுக்கொண்டார். அப்புறம் நீங்கள் கொடுத்துவிட்ட எலுமிச்சை ஊறுகாயைத் தொட்டுப் பார்த்தவர், பாட்டிலையே எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அம்மா: போகட்டும், அடுத்த முறை ரெண்டு பாட்டிலாகக் கொடுத்துவிடுகிறேன். அந்த உடைத்த சோளம் இங்கே எங்கே கிடைக்கும்?

அப்பா: தீவனக் கடையில் மூட்டை மூட்டையாக இருக்கிறது. வாங்கி வரட்டுமா?

அம்மா: நீங்கள் சும்மா இருங்கள்.