‘திட்டெரி மேய்ச்சல்’: சொல் பரிந்துரை

அனைவருக்கும் வணக்கம்.

அமெரிக்கப் புல்வெளிகளில் வாழும் காட்டுப் பறவையான பிரெய்ரி கோழி பற்றிய கட்டுரைக்காக, நிலத்தைத் திட்டுத் திட்டாக எரித்து மாடு மேய்க்கும் முறைக்கு (patch-burn grazing) ஒரு தமிழ்ச் சொல் கேட்கப்பட்டது. அதற்கு ‘சுழற்சி மேய்ச்சல்’ போதும் என்று முன்மடலில் நண்பர் எழுதியிருந்தார். எனக்கு உடன்பாடில்லை. சுழற்சி மேய்ச்சலில் வேலி போட்டு மாட்டை இடம் மாற்றுவார்கள். இந்த முறையில் உள்வேலியே தேவையில்லை. நிலத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை இந்த ஆண்டு எரிப்பார்கள், அடுத்த ஆண்டு இன்னொரு பங்கை. எரிந்த இடத்தில் துளிர்க்கிற புல் இளசு, சத்தும் அதிகம். மாடுகள் தாமாகவே அங்கே போய் மொய்க்கும். மற்ற இடங்களில் புல் ஓங்கி வளரும். மாட்டை நகர்த்துவது தீ என்பதால் பெயரில் தீ இருந்தே ஆக வேண்டும்.

‘திட்டு’ என்ற சொல்லும் வேண்டும். அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்துப் பிளின்ட் ஹில்ஸ் புல்வெளியில் பல பண்ணைகளில் வசந்தம்தோறும் மேய்ச்சல் நிலம் முழுவதையும் எரிப்பது வழக்கம். மாட்டுக்கு அது லாபம், கோழிக்கு நஷ்டம். பெட்டை தரையில் சின்னக் குழி பறித்து முட்டையிடும். போன ஆண்டுப் புல்லின் காய்ந்த தாள்கள்தான் அதற்கு மறைப்பு. எல்லாம் எரிந்துவிட்டால் எங்கே போகும்? எரிக்காமலே விட்டாலும் ஆபத்துதான்: செடார் மரங்கள் ஏறிவிடும், மரம் அடர்ந்த பக்கம் இந்தக் கோழி அண்டாது. சேவல்கள் கழுத்துப்பையை உப்பவைத்து ஆடும் களத்துக்குக் கட்டைப்புல், கூட்டுக்கு உயரப்புல், குஞ்சுகள் நடந்து பூச்சி பொறுக்க அடியில் சந்துள்ள, பூச்செடி கலந்த புல், இந்த மூன்றும் அருகருகே அமைய வேண்டும். அதைத் திட்டுத் திட்டாக எரித்தால்தான் பெற முடியும். ஓக்லஹோமா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் ஃபுலெண்டார்ஃபும் எங்கிளும் 2001இல் வலியுறுத்தியதும் இதைத்தான்: புல்வெளி ஒரே சீராக இருக்கக் கூடாது.

‘பகுதி எரிப்பு மேய்ச்சல்’ என்ற பரிந்துரையும் வந்தது. அதைப் படிப்பவர் அரைகுறையாக எரிந்தது என்று எடுத்துக்கொள்வார். ‘தீ மேய்ச்சல்’ என்றால் தீயே மேய்வது போலாகிவிடும். திட்டு, எரி இரண்டும் பழகிய சொற்கள். சேர்த்தால் ‘திட்டெரி’, நாவில் இடறாது. திட்டெரி நிலம், திட்டெரிச் சுற்று என்று கிளைக்கவும் செய்யும்.

அப்புறம், சேவல்கள் கூடி ஆடும் இடத்துக்கு ‘ஆட்டக்களம்’ என்று வைத்திருக்கிறேன். ‘ஆடுகளம்’ என்றால் கிரிக்கெட் நினைவுதான் வரும். மறுப்பு இருந்தால் எழுதுங்கள், மாற்றுச் சொல்லோடு.