செர்ரி மலர்க் காலத்தில் குடும்பத்துடன் ஜப்பான்: எந்தத் தேதிகளில் செல்வது?

கேள்வி

வணக்கம். வரும் வசந்தத்தில் என் அம்மாவையும், நான்கும் ஒன்பதும் வயதான எங்கள் இரு பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு செர்ரி மலர்களைக் காண ஜப்பான் செல்ல எண்ணியிருக்கிறோம். இது அம்மாவின் நெடுநாள் ஆசை; ஆனால் முழங்கால் வலியால் அவரால் வெகுதூரம் நடக்க இயலாது. விமானச் சீட்டுகளைப் பல மாதங்களுக்கு முன்பே வாங்கியாக வேண்டும். பூ எந்த நாளில் மலரும் என்பதோ அப்போது எவருக்கும் தெரியாது. அவ்வளவு தொலைவு போய், மூடிய மொட்டுகளைப் பார்த்துவிட்டுத் திரும்ப நேருமோ என்பதே என் கவலை. பத்து நாள் விடுப்பு கிடைக்கும். அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்லுங்கள்.

மறுமொழி 1

உங்கள் கவலை நியாயமானதே. அங்கே நகரங்களில் பெரும்பாலும் காணப்படுவது சோமே யொஷினோ என்னும் வகை. ஒட்டுக்கட்டியே பெருக்கப்படுவதால் அவையெல்லாம் மரபணுவில் ஒரே மரத்தின் பிரதிகள். ஆகவே ஓர் ஊரில் உள்ளவை ஏறத்தாழ ஒன்றாகவே மலர்ந்து, முழு மலர்ச்சிக்குப் பின் ஒரு வாரத்துக்குள் உதிர்ந்தும் விடுகின்றன. 1991 முதல் 2020 வரையிலான சராசரிப்படி, டோக்கியோவில் மார்ச் 24 அன்று முதல் பூக்களும் மார்ச் 31 அன்று முழு மலர்ச்சியும்; கியோட்டோவில் மார்ச் 26, ஏப்ரல் 4. ஆனால் 2021இல் கியோட்டோ மார்ச் 26 அன்றே முழுதாகப் பூத்துவிட்டது.

எனவே மார்ச் 27 முதல் ஏப்ரல் 5 வரை வைத்துக்கொண்டு, முதலில் டோக்கியோ, பிறகு கியோட்டோ என்று செல்லுங்கள். கியோட்டோவுக்கு அருகிலுள்ள ஒசாகாவிலிருந்து ஊர் திரும்பினால் மீண்டும் டோக்கியோவுக்கு அலைய வேண்டியதில்லை. பருவம் முந்தி, கியோட்டோவில் மற்ற மரங்கள் உதிரத் தொடங்கியிருந்தாலும், நின்னாஜி கோயிலின் ஓமுரோ செர்ரிகள் எப்போதும் கடைசியாகவே பூக்கும். அவை ஆளுயரத்தைச் சற்றே தாண்டும் குட்டை மரங்கள் என்பதால், அண்ணாந்து பார்க்காமலே உங்கள் அம்மா பூக்களைக் காணலாம்.

மறுமொழி 2

நான் என் மாமியாரை அழைத்துச் சென்றவள். ஆகவே முழங்கால் வலியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ஒரு நாளைக்கு ஒரே தோட்டம் போதும். நாங்கள் முதல் நாளிலேயே மூன்று இடங்களுக்கு அலைந்ததில் அவர் மறுநாள் அறையை விட்டு எழவில்லை. அந்த ஒரு நாளை இழந்தது இன்றும் எனக்கு வருத்தமே. டோக்கியோவில் ஷின்ஜுகு கியோயென் தோட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். பெரியவர்களுக்கு 500 யென். பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை. உள்ளே மது அனுமதிக்கப்படுவதில்லை என்பதால் அமைதியாக இருக்கும். பரந்த புல்வெளியில் விரிப்பைப் போட்டு மணிக்கணக்கில் உட்காரலாம். கூட்டம் மிகும் சில நாள்களில் முன்பதிவு கேட்கிறார்கள், கவனியுங்கள்.

பெட்டிகளை நீங்களே இழுத்துச் செல்ல வேண்டாம். ஒரு விடுதியில் கொடுத்தால் பெரும்பாலும் மறுநாளே அடுத்த ஊர் விடுதியில் சேர்த்துவிடும் கூரியர் சேவை அங்கே உண்டு. காலைகளில் குளிர் பத்து டிகிரிக்கும் கீழே இறங்கும். அம்மாவுக்குக் கம்பளி உடையும் காலுறையும் அவசியம்.

இன்னொன்று: முதிய மரங்களின் கரடான அடிமரத்தில், கிளையே இல்லாத இடத்தில், பட்டையைத் துளைத்துக்கொண்டு ஐந்தாறு பூக்கள் கொத்தாக மலர்ந்திருக்கும். என் மாமியார் மேலே விரிந்திருந்த பூப்பந்தலை விட்டுவிட்டு அந்தச் சிறு கொத்தின் அருகிலேயே வெகுநேரம் நின்றிருந்தார். உங்கள் சின்னப் பிள்ளையின் கண் உயரத்திலும் அப்படி ஒன்று கிடைக்கும். தொடாமல் பார்க்கச் சொல்லுங்கள், இதழ் எளிதில் உதிர்ந்துவிடும்.

மறுமொழி 3

மேலே சொன்னதுடன் ஒன்று. டோக்கியோவில் நாள்களை மிக முன்பே முடிவு செய்துவிடாமல், இடையே ஒரு நாளைக் காலியாக விடுங்கள். அங்கே பூ முடிந்துவிட்டிருந்தால், ஷிங்கான்சென் ரயிலில் சுமார் ஒன்றரை மணி நேரத்தில் செண்டாய் போய்விடலாம். வடக்கே இருப்பதால் அங்கு மலர்ச்சி பிந்தியே வரும்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. மார்ச் 27 என்றே முடிவு செய்து, திரும்பும் சீட்டை ஒசாகாவிலிருந்து பார்த்துவருகிறேன். குட்டை மரங்களைப் பற்றி அம்மாவிடம் படித்துக் காட்டினேன். நின்னாஜிக்கு ஒரு முழு நாள் ஒதுக்கச் சொல்லிவிட்டார்.