தேடல் சர்வர் வாங்கியதில் நாங்கள் பட்டது

பம்ப் உதிரிபாகம் விற்கும் ஒரு நிறுவனத்துக்கு ஈஆர்பி (பில், ஸ்டாக், கணக்கு எல்லாம் ஓடும் மென்பொருள்) பார்த்துக்கொள்கிறேன். ஐட்டம் மாஸ்டர் (சரக்குப் பட்டியல்), பழைய பில், ஸ்கேன் பண்ணிய கடிதம் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் தேட எலாஸ்டிக்சர்ச் என்ற தேடல் மென்பொருளைப் போட்டோம். கொட்டேஷன் வந்ததும் எல்லார் கண்ணும் சிபியுவின் கோர் எண்ணிக்கையில்தான். 32 கோர், 64 ஜிபி ரேம், 7200 ஆர்பிஎம் டிஸ்க் ஆறு, ரெய்டு 5 (ஒரு டிஸ்க் போனாலும் டேட்டா தப்பும் அடுக்கு). "இடம் தாராளமா இருக்கட்டும்" என்றார் மேனேஜர். நானும் சரி என்று கையெழுத்துப் போட்டேன்.

மூன்று மாதம் ஒரு குறையும் இல்லை. இண்டெக்ஸ் (தேடலுக்கான சொல் அட்டவணை) பெருகப் பெருக, காலை பத்தரைக்கு மேல் தேடல் இழுக்க ஆரம்பித்தது. கவுண்ட்டரில் போய் நின்று பார்த்தேன். கஸ்டமர் ஒருவர் தேய்ந்த இம்பெல்லரை (பம்புக்குள் தண்ணீரைத் தள்ளும் சக்கரம்) துணியில் சுற்றி எடுத்து வந்திருந்தார். பில் போடும் தம்பி பார்ட் நம்பரை அடித்துவிட்டுக் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்தார். பதினோரு செகண்ட். அதற்குள் கஸ்டமர் இம்பெல்லரைத் திரும்பத் துணியில் சுற்றத் தொடங்கிவிட்டார். மனசு கேட்கவில்லை.

சர்வரில் பார்த்தால் சிபியு பாதிக்கு மேல் சும்மா இருக்கிறது. டிஸ்க் வேலையைக் காட்டும் ஐயோஸ்டாட்டில் டிஸ்க் மட்டும் 100 சதவீதத்தில் நிற்கிறது. 7200 ஆர்பிஎம் தட்டு ஒரு சுற்றுச் சுற்றவே 8.3 மில்லிசெகண்ட். படிக்கும் ஹெட் நகரும் நேரத்தையும் சேர்த்தால் ஒரு டிஸ்க்கால் செகண்டுக்கு நூறு தடவை தாவிப் படிப்பதே கஷ்டம். எலாஸ்டிக்சர்ச்சுக்குள் ஓடும் தேடல் நூலகமான லூசீனுக்கோ தாவித் தாவிப் படிப்பதுதான் வேலை.

அதைவிடப் பெரிய தப்பு ரேமில், அது என் கையால் நடந்தது. 64ல் 48 ஜிபியை ஜாவா ஹீப்புக்கு (எலாஸ்டிக்சர்ச் ஓடும் ஜாவா தனக்கென எடுத்துக்கொள்ளும் ரேம்) கொடுத்திருந்தேன். லூசீன் தன் இண்டெக்ஸ் ஃபைல்களுக்கு லினக்ஸின் பேஜ் கேஷைத்தான் (டிஸ்க்கில் படித்ததைக் காலி ரேமில் வைத்துக்கொள்வது) நம்பியிருக்கிறது. நாம் காலியாக விடும் ரேம்தான் அதற்குச் சாப்பாடு. அதைப் பிடுங்கி ஹீப்புக்குக் கொடுத்துவிட்டேன். அது போக, ஹீப் ஏறத்தாழ 32 ஜிபியைத் தாண்டினால் ஜாவா பாயிண்டர்களை (ரேமில் எது எங்கே என்று காட்டும் முகவரி) சுருக்கி வைப்பதை நிறுத்திவிடும். 4 பைட்டில் இருந்தது 8 பைட் ஆகிவிடும். கூடக் கொடுத்ததில் பெரும்பங்கு அதிலேயே கரைந்தது.

அன்று ராத்திரியே ஹீப்பை 30க்கு இறக்கினேன். மறுநாள் பதினோரு செகண்ட் நாலானது. பிறகு மேனேஜரைக் கவுண்ட்டரில் நிற்கவைத்துக் காட்டி, ரேமை 128 ஆக்கி, எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத டிஸ்க்) இரண்டை ஒன்றுக்கு ஒன்று நகலாக மிரர் போட்டோம். இப்போது என்டர் தட்டியதும் வருகிறது. கோரைத் தொடவே இல்லை.

மறுமொழி:
எங்களை அடித்தது டிஸ்க் இடம். 95 சதவீதம் நிரம்பியதும் எலாஸ்டிக்சர்ச் இண்டெக்ஸில் எழுத விடாமல் பூட்டிவிட்டது. டேட்டாபேஸில் பில் சேவ் ஆகிறது, தேடினால் வரவில்லை. அதனால் ஒரே பில்லை இரண்டு தடவை போட்டார்கள்; கணக்கை நேராக்க ஒரு வாரம் உட்கார்ந்தோம். இண்டெக்ஸின் துண்டுகளான செக்மெண்ட்களை ஒன்றாக்கும்போது பழசும் புதுசும் கொஞ்ச நேரம் சேர்ந்தே இருக்கும், அதற்கும் இடம் விட வேண்டும். டேட்டா எவ்வளவோ அதற்கு இரண்டு மடங்காவது வாங்குங்கள்.

மறுமொழி:
அண்ணா, எஸ்எஸ்டியில் டெஸ்க்டாப் ரகம் வேண்டாம். எழுதியது டிஸ்க்கில் உறுதியான பிறகுதான் எலாஸ்டிக்சர்ச் சரி சொல்லும். கரண்ட் போனாலும் தாங்கும் கெபாசிட்டர் வைத்த சர்வர் ரகம் அதைச் சட்டென்று முடிக்கும், மற்றது திணறும். ஒரு சந்தேகம், ரேம் 128 என்றால் ஹீப்பை 60 ஆக்கலாமா?

மறுமொழி:
வேண்டாம் தம்பி. ஹீப் 30லேயே இருக்கட்டும். மீதி 98ம் லினக்ஸுக்கு.