டிரேட்-ஆஃப் என்பதற்கு 'ஈட்டிழப்பு'

அன்பு நண்பர்களுக்கு,

ஒன்றைப் பெறுவதற்காக இன்னொன்றை இழக்க வேண்டிவரும் நிலையை ஆங்கிலத்தில் டிரேட்-ஆஃப் (trade-off) என்கிறார்கள். அதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று பேசிவரும் இந்த இழையில் இதுவரை 'சமநிலை', 'சமரசம்', 'பரிமாற்றம்', 'விட்டுக்கொடுப்பு' என நான்கு சொற்கள் வந்திருக்கின்றன. ஐந்தாவதாக ஒன்றை முன்வைக்கிறேன்: ஈட்டிழப்பு. எப்படி இதற்கு வந்து சேர்ந்தேன் என்று சொல்லிவிடுகிறேன்.

திறன்பேசி வாங்குவோருக்காக ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருந்தேன். வேகம், பேட்டரி தாங்கும் நேரம், எடை மூன்றும் ஒன்றையொன்று எப்படிப் பிடித்து இழுக்கின்றன என்பதுதான் பொருள். முதல் பத்தியிலேயே டிரேட்-ஆஃப் குறுக்கே வந்து நின்றது. அப்போதைக்குச் 'சமநிலை' என்று எழுதிவிட்டு, 2025இல் வந்த இரண்டு சாம்சங் பேசிகளை எடுத்துக்காட்டாக வைத்தேன். கேலக்ஸி எஸ்25 பிளஸ், எஸ்25 எட்ஜ். இரண்டுக்கும் 6.7 அங்குலத் திரை, ஒரே ஸ்னாப்டிராகன் 8 எலைட் சில்லு (சிப்). பிளஸ் 190 கிராம், 7.3 மில்லிமீட்டர் தடிமன். எட்ஜ் 163 கிராம், 5.8 மில்லிமீட்டர். ஆனால் பேட்டரி 4900 மில்லி ஆம்பியர்-மணியிலிருந்து 3900க்கு இறங்கிவிட்டது. தொலைவில் இருப்பதைக் கிட்டத்தில் காட்டும் லென்ஸும் போயிற்று.

இதைப் போய்ச் சமநிலை என்று எப்படிச் சொல்வது? எல்லாம் முடிந்து அசையாமல் நிற்பதுதான் சமநிலை. 27 கிராம் குறைவதற்காக எது கைவிட்டுப் போனது என்று சொல்லும் சொல்தான் நமக்கு வேண்டும்.

மற்ற மூன்றையும் போட்டுப் பார்த்தேன். 'சமரசம்' என்றால் சண்டை போட்ட இரண்டு பேர் இறங்கி வர வேண்டும். இங்கே இரண்டு பக்கமும் ஒரே பொறியாளர்தான். 'பரிமாற்ற'த்துக்குத் தரவு, பணம், கருத்து என்று ஏற்கெனவே நிறைய வேலை இருக்கிறது. 'விட்டுக்கொடுப்பு' எனக்கு மிகவும் பிடித்த சொல். ஆனால் அண்ணன் தம்பிக்கு விட்டுக்கொடுத்தால் அண்ணனுக்குத் திரும்ப எதுவும் வருவதில்லை. பெறுவது என்கிற பாதி அந்தச் சொல்லில் இல்லை.

போன மாதம் என் பேசிக்குப் பேட்டரி மாற்றக் கடைக்குப் போயிருந்தேன். கடைத் தம்பி பின்மூடியைச் சூடுகாட்டிக் கழற்றி, பழைய பேட்டரியைப் பிளாஸ்டிக் அட்டையால் மெல்ல நெம்பி எடுத்தார். மேசையில் இருந்த சின்னத் தராசில் அதை வைக்கச் சொன்னேன்: 64 கிராம். பேசியின் மொத்த எடையே 190தான். மூன்றில் ஒரு பங்கு! மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் கிராஃபைட், லித்தியம் சேர்மம், அவற்றைத் தாங்கும் செம்புத் தகடு, அலுமினியத் தகடு இவற்றின் கனம்தான் பெரும்பாலும் அது. "இதவிட லேசா வேணும்னா அதுக்கு ஈடா சார்ஜ் போயிடும்ணே" என்றார் தம்பி.

அந்த 'ஈடா'வில்தான் சொல் இருந்தது. நமக்கு 'இழப்பீடு' தெரியும். இழந்ததற்கு ஈடாகக் கிடைப்பது. டிரேட்-ஆஃப் அதைத் திருப்பிப் போட்டது: கிடைத்ததற்கு ஈடாக இழப்பது. ஆகவே ஈட்டிழப்பு.

'ஈடிழப்பு' என்று வராதா என்று யாராவது கேட்கலாம். ஆடு ஆட்டுப்பால் ஆவது போல, வீடு வீட்டுவாசல் ஆவது போல, ஈடும் இங்கே இரட்டித்து வருகிறது. தவிர, 'ஈடிழப்பு' என்றால் ஈட்டையே இழந்துவிட்டது போல ஒலிக்கிறது. ஈட்டுதல், அதாவது சம்பாதித்தல், என்கிற வினையும் 'ஈட்டிழப்பி'ல் காதில் விழும். அதனால் கெடுதல் இல்லை, பொருளுக்கு நெருங்கித்தான் வருகிறது.

அப்புறம், கடினமான இடத்தில் சொல் தாங்குகிறதா என்று பார்த்தேன். சில்லின் மின்செலவு அதன் துடிப்பு வேகத்தோடும் (clock speed) மின்னழுத்தத்தின் இருமடியோடும் பெருகும். வேகத்தை 20 சதவீதம் கூட்ட மின்னழுத்தத்தையும் அதே அளவு ஏற்ற வேண்டியிருந்தால், செலவு ஏறத்தாழ 73 சதவீதம் கூடிவிடும். அவ்வளவும் வெப்பமாகத்தான் வெளியே வர வேண்டும். மெல்லிய உடலில் அது பரவ இடம் குறைவு, பேசி தானே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. வெயிலில் நின்று நீளமாக வீடியோ எடுத்தவர்களுக்கு இது கையிலேயே சுடும். "கடைசி 20 சதவீத வேகத்துக்கு ஈட்டிழப்பு மிக அதிகம்" என்று எழுதிப் பார்த்தேன், தடங்கல் இல்லை. சில்லுகளை வடிவமைக்கும் ஆர்ம் நிறுவனம் 2011இல் அறிவித்த பெரிய கரு, சிறிய கரு ஏற்பாட்டையும் இதே சொல்லால் விளக்கலாம். கரு (core) என்பது சில்லுக்குள் கணக்குப் போடும் பகுதி. செய்தி படிக்கும்போது சிக்கனமான சிறிய கரு, விளையாடும்போது வேகமான பெரிய கரு. ஈட்டிழப்பை வேலைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளும் வழி அது.

கிராஃபைட்டின் இடத்தில் சிலிக்கானும் சேர்ந்த சிலிக்கான்-கார்பன் பேட்டரி வந்துவிட்டதே, இனி இந்தச் சொல் எதற்கு என்று இழையில் ஒருவர் கேட்டிருந்தார். நல்ல கேள்வி. எடைக்கு எடை கிராஃபைட்டைப் போல ஏறத்தாழ பத்து மடங்கு லித்தியத்தைச் சிலிக்கான் ஏற்கும். அதே தடிமனில் கூடுதல் கொள்ளளவு கிடைப்பது உண்மையான ஆதாயம், மறுக்கவில்லை. ஆனால் முழுக்க நிரம்பும்போது சிலிக்கான் மூன்று மடங்குக்கு மேலும் உப்பி, காலியாகும்போது சுருங்கும். திரும்பத் திரும்ப உப்பிச் சுருங்கினால் விரிசல் விடும், பேட்டரியின் ஆயுள் குறையும். அதனால்தான் கார்பனோடு கலந்து, அளவாகச் சேர்க்கிறார்கள். எவ்வளவு சேர்ப்பது என்பதிலேயே ஈட்டிழப்பு உட்கார்ந்திருக்கிறது.

ஒரு குறை உண்டு, சொல்லிவிடுகிறேன். 'ஈட்டிழ' என்று வினையாக வராது. வினை வேண்டிய இடத்தில் 'ஈடாக விடு' என்று எழுதுகிறேன்: "மெலிவுக்கு ஈடாக 1000 மில்லி ஆம்பியர்-மணியை விட்டார்கள்." இதைவிடக் கட்டான வினை யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள். கட்டுரையை இன்னும் அனுப்பவில்லை, மாற்ற நேரம் இருக்கிறது.