போப்பரிங்கே டால்பட் ஹவுஸ்: சென்று வந்தவர்கள் வழிகாட்டுங்கள்

நண்பர்களே, வணக்கம். வரும் வசந்த காலத்தில் அப்பாவுடன் பெல்ஜியம் செல்கிறேன். போப்பரிங்கேயில் உள்ள டால்பட் ஹவுஸைப் பார்த்தே ஆக வேண்டும் என்கிறார் அவர்.

முதல் உலகப் போரில், ஈப்பர் போர்முனையிலிருந்து திரும்பிய வீரர்கள் இளைப்பாற 1915 டிசம்பரில் பாதிரியார் டப்பி கிளேட்டன் திறந்த வீடு இது. பதவி வித்தியாசமில்லாமல் அதிகாரியும் சிப்பாயும் சேர்ந்து தேநீர் குடித்த இடம். பரணில் ஒரு தேவாலயம்; பழைய தச்சு மேசைதான் பலிபீடம். அதன் முன் மண்டியிட்ட பலர் மறுநாள் போர்முனைக்குப் போய்த் திரும்பவே இல்லை. அந்த மேசையை அப்பா நேரில் பார்க்க வேண்டும் என்பதே என் ஆசை.

பரணுக்கு ஏறும் படிகள் மிகவும் செங்குத்தானவையாம். முழங்கால் வலி உள்ள எழுபது வயதுக்காரரால் ஏற முடியுமா? பிடித்துக்கொள்ளக் கைப்பிடி இருக்கிறதா? அங்கேயே இரவு தங்கலாம் என்கிறார்கள். தங்கியவர்கள் இருந்தால், அறையை எவ்வளவு முன்னதாகப் பதிவு செய்தீர்கள்? இரவு எட்டு மணிக்கு பக்கத்து ஈப்பர் நகரின் மெனின் வாயில் என்ற போர் நினைவுச் சின்னத்தில் ஊதும் அஞ்சலி எக்காளத்தைக் கேட்டுவிட்டுப் போப்பரிங்கே திரும்ப ரயில் கிடைக்குமா, டாக்சிதான் வழியா? படிகளின் படம் இருந்தால் தயவுசெய்து பகிருங்கள், அப்பாவிடம் காட்ட வேண்டும்.